தொட்டுவிட்டு வந்தவன்

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் நிலையை யாரோ உள்ளங்கையால் தடவுகிற சத்தம் இன்றைக்கும் கேட்டது. சொரசொரவென்று, மேலிருந்து கீழே, எதையோ தேடுகிற மாதிரி. முனியராஜ் கதவைத் திறந்தான். தெருவில் ஆளில்லை. நிலை மரத்தில் தோள் உயரத்துக்கு வெள்ளி நிறப் பொடி தீற்றியிருந்தது. காலையில்தான் அவன் மனைவி பானுப்பிரியா அதைத் துடைத்து, "கம்பெனியில இருந்து வந்தா கையக் கழுவுனாத்தான என்ன?" என்று வைதுவிட்டு, மல்லாங்கிணற்றுக்கு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

அவன் வந்ததும் கையைக் கழுவுகிறவன்தான்.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதன் வழியே மண்ணில் இறங்கிவிடும். இல்லையென்றால் ஒரு பொறி போதும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே கூட்டாளியான நல்லசிவம் இந்த வீட்டுக்கு வந்தாலும் நிலையைத் தடவிக்கொண்டு நிற்பான். "ஏலே போர்மேனு, உன் வீட்டுல தகடு எங்கலே? தொடாம எப்படிலே உள்ள வாரது?"

சித்திரையில் அறைக்கு வெள்ளையடிக்கத் தகட்டைக் கழற்றியவன் போர்மேன் முனியராஜ். திரும்ப மாட்ட மறந்துபோனான். அறை வெடித்தது. நல்லசிவத்தோடு இரண்டு பெண்களும் போனார்கள். "தகடு இருந்துச்சுய்யா, அவன்தான் தொடாமப் போயிட்டான்" என்று விசாரணையில் சொன்னான் முனியராஜ். அன்றிலிருந்து நல்லசிவத்தின் மனைவி கற்பகவல்லியை ஊர் கொலைகாரன் பெண்டாட்டி என்கிறது. தெருக்குழாயில் அவள் குடத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

நாளை சூலக்கரை கலெக்டர் ஆபீசில் கடைசி விசாரணை.

பரணில் சாக்குக்குள் ஒளித்துவைத்திருந்த தகட்டை இறக்கினான். காலையில் மறக்காமல் எடுத்துப்போக, திறந்த கதவருகே நிலையில் சாய்த்துவைத்தான். உள்ளே வந்து கற்பகவல்லிக்குப் போன் போட்டான்.

"தங்கச்சி, தகடு அங்கன இல்ல. நான்தான் கழட்டுனேன். நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிர்றேன்."



"எனக்குத் தெரியும்ணே. அவுக தொடாமப் போற ஆளா?" பிறகு மெதுவாக, "அவுககிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

போன் நின்றது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனுக்கு மூச்சு முழுதாக இறங்கியது.

வாசலில் தடவுகிற சத்தம்.

மேலிருந்து கீழே.

நின்றது.

ணங்.

செம்பு.

தகட்டை எங்கே வைத்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

மருந்து அறையின் கந்தக வாடை. தரையில் வெள்ளிப் பொடியாய் ஒரு பாதம் பதிந்தது. ஆளில்லை. இன்னொரு பாதம். விரல் விரலாக. அவசரமே இல்லை. அவன் கால்களுக்கு நேரெதிரே வந்து நின்றன, இரண்டும்.

நல்லசிவம் தொட்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.

முனியராஜ் தொடவில்லை.

மின்சாரம் ஏறின மாதிரி அவன் கையிலிருந்த ரோமம் ஒவ்வொன்றாக எழுந்து, எதிரே இருந்த வெறுமையின் பக்கம் சாய்ந்தது. தகடு வாசலில் இருந்தது. நடுவில் அந்தப் பாதங்கள்.