எலும்புக்கூடு எந்த வீட்டிலிருந்து வந்தது?

ஹெஸ்டர் டல்லி உட்கார மறுத்துவிட்டாள். ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த படத்தைத் துப்பறிவாளர் ஜோசையா க்விக்கின் மேசைமேல் விரித்தாள்.

“என் வீட்டுக்காரர் போட்ட கேலிப்படம் ஐயா. போன வாரம் வாந்திபேதியில போயிட்டார். இப்போ பேட்டை சபைக்காரங்க அவரைப் பொய்யன்னு சொல்லிட்டாங்க. இந்தப் படத்தைப் பாத்துட்டு பம்புல பூட்டின சங்கிலியையும் எடுத்துட்டாங்க. என் பொண்ணு லெட்டிக்கு நேத்துலேர்ந்து வாந்தி.”

படத்தில் மார்ல் தெருப் பம்பு, அதைச் சுற்றிக் கோட்டுப் போட்ட ஆண்கள். இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு வீடுகள். இடதுபக்க வீட்டிலிருந்து தொப்பி போட்ட எலும்புக்கூடு ஒன்று பீப்பாயோடு வந்து, பம்புக் கிணற்றில் கக்கூஸ் தண்ணீரைக் கவிழ்க்கிறது. கீழே அச்செழுத்தில், ‘லண்டன்வாசிகளே, உங்கள் உடல்நலத்துக்கு!’

“எந்த வீட்டுக் கக்கூஸ் குழி உடைஞ்சிருக்குன்னு அவர் வாயால சொல்லலையா?” என்று கேட்டாள் க்விக்கின் தங்கை டோர்காஸ். அண்ணனுக்கு முன்னால் கேள்வி கேட்டுவிடுவது அவள் வழக்கம்.

“படத்துல இருக்குன்னாரும்மா. அதோட நினைவு தப்பிடுச்சு. இடதுபக்கம் தோண்டிப் பாத்தாங்க. காய்ஞ்ச மண்ணுதான்.”

“இது அவர் பத்திரிகையில வந்த தாள்தானா?” என்றார் க்விக்.

“இல்லைங்க. அது கடைக்கு வந்த அன்னிக்கே யாரோ மொத்தத்தையும் வாங்கிட்டாங்க. நான் பாத்ததே இல்ல. இது மலிவு அச்சுக்கடையில கெடைச்சது.”

க்விக் தொப்பியை எடுத்துக்கொண்டார். பெண்கள் இருவரும் அவர் பின்னால் கிளம்பினார்கள்.

மார்ல் தெருவில் பம்பைச் சுற்றிக் கூட்டம். தாகத்துக்குக் குடிக்கிறார்கள், குடித்ததைக் கக்குகிறார்கள், மறுபடி வந்து வரிசையில் நிற்கிறார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம். வலதுபக்க வீட்டு வேலைக்காரி மட்டும் இரண்டு வாளிகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, பம்பைத் தாண்டி உள்ளே போனாள்.

அந்த வீட்டுக்காரர் க்ரிம்வேட், சபையில் பெரிய மனிதர். சபைக்காரர்கள் இருவரோடு வாசலில் நின்றிருந்தார். “இன்னும் எங்கய்யா தோண்டணும்? படம் காட்டின இடத்துலதானே தோண்டினோம்?”

“பம்புக் கைப்பிடியைப் பாருங்க,” என்றார் க்விக். “நிஜத்துல வலதுபக்கம் இருக்கு. படத்துல இடதுபக்கம்.”

“கிறுக்கின படம்தானே,” என்று சிரித்தார் க்ரிம்வேட்.

“இதுல இருக்கிற அத்தனை ஆம்பளைக்கும் கோட்டுப் பொத்தான் பொம்பளைச் சட்டை மாதிரி பக்கம் மாறியிருக்கு. அதுவும் கிறுக்கலா? டல்லி மரக்கட்டையில இடம்வலம் மாத்தித்தான் வரைவார். அப்பத்தான் தாள்ல நேரா விழும். மலிவுக் கடைக்காரன் எப்படியோ கையில சிக்கின ஒரு அசல் தாளைப் பாத்துக் கட்டையில அப்படியே காப்பி அடிச்சுட்டான். அச்சுல எல்லாமே திரும்பிடுச்சு. கீழே இருக்கிற எழுத்து தனியாக் கோத்தது, அதனால நேரா நிக்குது, யாருக்கும் சந்தேகம் வரல.”

டோர்காஸ் தாளைப் பறித்து, முதுகுப்புறம் தெரியும்படி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். எலும்புக்கூடு வலதுபக்க வீட்டிலிருந்து வந்தது.

“அசல் படத்தை நான் கண்ணால பாத்ததில்ல,” என்றார் க்ரிம்வேட். குரல் இறங்கிவிட்டது.

க்விக் வேலைக்காரியைக் கூப்பிட்டார். “ஏம்மா, பம்பு வாசல்லயே இருக்கே, எங்கேர்ந்து தண்ணி சுமக்கிறே?”

“கோயில் தெருவுலேர்ந்துங்க. கையே கழண்டு போகுது. அந்தப் படம் வந்த அன்னிக்கு ஐயா ஒரு கட்டுத் தாளை அடுப்புல போட்டுட்டு, இனிமே இந்தப் பம்பைத் தொடாதேன்னு சொன்னார்.”

சபைக்காரர்கள் க்ரிம்வேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வீட்டு நிலவறைத் தரையைப் பெயர்த்தபோது குழியின் செங்கல் வாய் பிளந்து கிடந்தது. கறுப்பு நீர் பம்பை நோக்கியே கசிந்துகொண்டிருந்தது. சங்கிலி மறுபடி பூட்டப்பட்டது.

ஹெஸ்டர் க்ரிம்வேட்டைத் திட்டவில்லை. “நானும் இந்தச் சபைக்காரங்களை நம்பிட்டேனே,” என்றாள். “லெட்டி குடிக்க மாட்டேன்னா. அப்பா சொன்னது தப்புடி, பம்பு சுத்தமாம்னு சொல்லி நானே ஊத்திக் குடுத்தேன். இந்தக் கையால.”

க்விக் அவளை லெட்டியிடம் அழைத்துப் போனார்.

டோர்காஸ் கோயில் தெருவுக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்து, காய்ச்சி, ஆறவைத்துக் கொடுத்தாள். லெட்டியின் கண்கள் குழிக்குள் போயிருந்தன, உதடு வெடித்திருந்தது. ஹெஸ்டர் குவளையை அருகே கொண்டுபோனதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“எந்தப் பம்பும்மா?” என்றாள்.

ஹெஸ்டர் முதலில் தானே ஒரு வாய் குடித்துக் காட்டினாள்.