எட்டாவது வரி

மூன்றாம் மாடியில் இருந்த அந்தப் பயிற்சி அறைக்கு ஜன்னலே கிடையாது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று சுவரெல்லாம் மெத்தை அடித்திருந்தார்கள்; பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கும். பித்தளை வாடையும் எண்ணெய் வாடையும் மூக்கில் ஏறும். மதியம் இரண்டு மணிக்கு அவள் சாவி கேட்டு வந்தபோது காவல்காரம்மா தயங்கினாள்.

"உங்க அண்ணன் வாசிச்சிட்டிருந்த ரூம்மா அது. வேற தரட்டுமா?"

"அதுவே இருக்கட்டும்க்கா."

வேறு அறை எதற்கு? அவள் குறிவைப்பதே அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குத்தானே! இசைக்குழுவில் ஐந்து வருடம் ட்ரம்பெட் வாசித்தவன், இரண்டே மாத நோயில் போய்விட்டான். காலியான இடத்துக்கு இன்னும் ஒன்பது நாளில் தேர்வு. முன்பின் தெரியாத எவனோ அதில் வந்து உட்காருவதை அவளால் தாங்கிக்கொள்ள முடியாது.

தேர்வுக்குக் கொடுத்த பாடம் எட்டு வரி. சின்ன வயதில் இருவருக்கும் ஒரே ட்ரம்பெட்தான். அவன் ஒரு வரி ஊதிவிட்டு நீட்டுவான்; அவள் அதே வரியை ஊதித் திருப்பித் தருவாள். ஒருவர் ஊதும்போது மற்றவர் உதட்டுக்கு ஓய்வு. தனித்தனிக் கருவி வந்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. அவள்தான் எப்போதும் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுவாள். 'அவசரக்குடுக்கை' என்று தலையில் குட்டுவான்.

முதல் வரியை ஊதினாள். ஓடியேவிட்டாள். கருவியை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள்.

அதே வரி கேட்டது.

மெதுவாக. அவள் ஓடிய இடத்தில் நிதானமாக.

பயந்துபோய் எழுந்தாள். பக்கத்து அறையோ என்று எட்டிப் பார்த்தாள். பூட்டு தொங்கியது. திரும்பி வந்து மறுபடி ஊதினாள். மறுபடி பதில் வந்தது. ஐந்தாவது தடவை வரி சுத்தமாக அமைந்தது. காத்திருந்தாள்.

பதில் இல்லை.

இரண்டாவது வரியில் தாளம் தப்பினாள். வந்தான்.

பயம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். கூடப்பிறந்தவனிடம் எவ்வளவு நேரம்தான் பயப்படுவது? அழுதுகொண்டே ஊதினாள். நாளுக்கொரு வரி திருந்தியது. திருந்திய வரிக்கு அவன் திரும்ப வரவேயில்லை. ஆறாம் நாள் வேண்டுமென்றே முதல் வரியைக் கெடுத்துப் பார்த்தாள். அவனா ஏமாறுவான்?

அப்போதுதான் உறைத்தது. எட்டும் திருந்தினால் அவன் இல்லை.

ஏழோடு நின்றுகொண்டாள். மிச்ச நாளெல்லாம் எட்டாவது வரியை ஓட ஓடவே ஊதினாள். ஒவ்வொரு தடவையும் அவன் பொறுமையாகத் திருப்பி வாசித்தான். பாவி, கோபம்கூடப் படவில்லை.

தேர்வன்று அவள்தான் கடைசி ஆள். யார் வாசிக்கிறார்கள் என்று தேர்வாளர்கள் மூவருக்கும் தெரியாதபடி நடுவே கறுப்புத் திரை. ஏழு வரி மணிமணியாக விழுந்தது. எட்டாவது வரி வந்தது. நாற்காலி வேண்டும். அண்ணனும் வேண்டும்.

தாளத்தை முந்திக்கொண்டு ஓடினாள்.

கருவியை மடியில் வைத்தாள். ஒரு வரி நேரம் காத்திருந்தாள்.

"அண்ணா, ஒரு தடவை..." என்று உதட்டுக்குள் முனகினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. இருந்த ஒன்றையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாளே! முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து விம்மினாள்.

இசைக்குழு அலுவலகக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அம்மா, உங்களைத்தான் எடுத்திருக்காங்க!"

"கடைசி வரியைக் கெடுத்துட்டேனே சார்."

"கெடுத்தீங்க. அதான் உடனே திருப்பி வாசிச்சிட்டீங்களே! என்னா நிதானம்! மூணு பேரும் அப்படியே உக்காந்துட்டாங்க."

அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு சார்? சொல்லுங்க. முதல்லேருந்து, மெதுவா சொல்லுங்க."