எட்டு அடிக்குப் பிறகு

நேற்றே ஆறியிருக்க வேண்டிய டேப் இன்னும் சூடாக இருந்தது.

முப்பது வருடப் பழைய டேப் ஈரம் கோத்துப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் ஒலி உரிந்து வந்துவிடும். அதனால் இளஞ்சூட்டில் எட்டு மணிநேரம் வைத்து, ஒரு நாள் ஆறவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒலிப்பதிவாளர் இதை நூறு தடவை செய்திருக்கிறார். சுருளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது. மெஷின் எண்ணெய் வாடை வேறு அடித்தது.

பிற்பகல் மூன்று மணி. ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் பஞ்சு. அவர் மூச்சு அவருக்கே கேட்டது.

அவர் பதிவு செய்த பழைய ஆல்பத்தை மறுபடி வெளியிடும் கம்பெனிக்காரர் போனில் பேசினார். "சார், அந்த அலறல் ட்ராக்கைத் தனியா கேக்க உலகமே காத்துக்கிட்டு இருக்கு. எந்தக் கருவியில செஞ்சீங்கன்னு இன்னும் ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

"கண்டுபிடிக்க மாட்டாங்க."

"நாளைக்கு ட்ராக் ட்ராக்கா பிரிச்சுக் குடுத்துடுங்க. அப்புறம், உங்க தம்பி சம்சாரத்தை இன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன். குடும்பம் முதல்ல கேக்கட்டும், என்ன?"

அவர் போனை வைத்தார்.

தம்பி ஒரு தகட்டுப் பட்டறையில், தகட்டை அடித்து வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினான். ஆல்பத்தில் டிரம்ஸ் கிடையாது. அந்த மெஷின்தான். அதன் அடிக்கு மேல் கிட்டாரைப் பிற்பாடு ஏற்றினார்கள். இயந்திர ஓசையில் கட்டிய இசைக்கு இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்ற பெயர் இங்கே பரவுவதற்கு முன்பே வந்த ஆல்பம். பின்னால் வந்த இசைக்குழுக்களெல்லாம் அந்த அடியைத்தான் தேடின.

பட்டறை விடுமுறை நாளில் மைக் வைத்தார்கள். அண்ணனும் தம்பியும் மட்டும். இரண்டு பொத்தான்களையும் இரு கைகளால் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் தகடு மாற்ற நேரம் பிடித்தது. பாட்டின் வேகம் வரவில்லை.

"ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிடுடா. ஒரு கையால அழுத்து, இன்னொரு கையால தகட்டை மாத்து."

தம்பி சிரித்தான். "கை போயிடுச்சுன்னா நீ சோறு ஊட்டுவியாண்ணா?"

"அதுக்குத்தானே உனக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கு."

எட்டு அடி அளவாக விழுந்தது. ஒன்பதாவது கையோடு விழுந்தது.

அவர் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒலி அளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. அப்படி ஒரு ஒலியை அவர் அதுவரை கேட்டதில்லை. "அண்ணா, நிறுத்து" என்றான் தம்பி. அவர் பதில் சொன்னார். பதினோரு விநாடி கழித்துத்தான் எழுந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியில் தம்பி செத்துப்போனான்.

அலறலில் அரை விநாடியை வெட்டி, எட்டு அடிக்கு ஒருமுறை ஒட்டினார். பதிவெல்லாம் முடிந்ததும், தான் வெளியே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது தம்பி தனியாக ஓட்டிப் பார்த்ததாகத் தம்பி மனைவியிடம் சொன்னார். முப்பது வருடமாக அவள் அதை நம்பினாள். ஏழாவது ட்ராக்கில் அந்தப் பதினோரு விநாடியும் இருந்தது. அவர் சொன்ன பதிலும் இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. அவள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.

"மாமா, அவர் குரல் எதுலயாவது இருக்கா? ஒரு 'ம்' கூடப் போதும்."

"அவன் மெஷின்கிட்ட நின்னான்மா. மெஷின் சத்தந்தான் இருக்கு."

"அது போதும். அவர் கைதானே அடிச்சுது."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்காரவைத்து ஹெட்ஃபோன் கொடுத்தார். திரும்பி வந்து, அவள் ஹெட்ஃபோனுக்கு ஒலி போகும் இணைப்பை மூடினார். டேப்பை ஏற்றி, அந்த இடத்துக்குச் சுற்றினார். ஏழாவது ட்ராக்கை அழித்துவிட்டால் தீர்ந்தது. ஈரத்தில் போய்விட்டது என்று கம்பெனிக்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ரெக்கார்டு, பிளே. இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்தினால்தான் பழையது அழியும். தவறிக் கை பட்டுவிடக்கூடாது என்று அந்த ஏற்பாடு.

அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்ஃபோனில் ஒன்றுமில்லை. பதினோரு விநாடி போனது. நிறுத்தி, பின்னால் சுற்றி, சரிபார்க்க ஓட்டினார்.

எட்டு அடி. மற்ற ட்ராக்குகளில் இருந்தவை. பிறகு ஏழாவதில் அமைதி வர வேண்டும்.

அலறல் வந்தது.

தம்பியுடையது அல்ல. கிழட்டு அலறல். கடைசியில் நெஞ்சுச் சளி இழுத்தது. அந்தச் சளி இழுப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் தன் நெஞ்சில் கேட்பதுதான்.

அதற்குப் பின்னால் இளங்குரல் ஒன்று, நிதானமாக, அன்று அவர் சொன்ன பதிலை அவருக்கே திருப்பிச் சொன்னது.

"இருண்ணா. டேப் ஓடுது."

இடது கையால் நிறுத்தினார். சுருள்கள் நின்றன. வலது கையை மேசையிலிருந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. உள்ளங்கை பலகையோடு ஒட்டியிருந்தது. இழுத்தார். தோல்தான் இழுபட்டது.

தம்.

மேசையில் பேனாக்கள் குலுங்கின. சுருள்கள் அசையவில்லை. சிவப்பு விளக்கு தானாக எரிந்தது.

தம்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். இணைப்பு மூடித்தான் இருந்தது. அவள் முகம் மலர்ந்திருந்தது.

"மாமா," என்றாள் மைக்கில். "கொஞ்சம் சத்தமா வைங்களேன்."

மூன்று. நான்கு. ஐந்து. அவர் கத்தினார். பஞ்சுச் சுவர் விழுங்கிக்கொண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆறு.

புறங்கையில் ஏதோ சொட்டியது. எண்ணெய். வெதுவெதுப்பாக.

ஏழு.

மேலே பார்க்க முடியவில்லை. கையை மட்டும் பார்த்தார். அதன்மேல் சதுரமாக ஒரு நிழல். அதன் ஓரங்கள் கூர்மையாகிக்கொண்டே வந்தன.

எட்டு.

அவள் விரலைத் தூக்கி, அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள்.