மீட்டரில் முள் அசையவே இல்லை!

"குமிழைத் திருப்பும் ஓய்! அவ உதடு அசையறது!"

இன்ஸ்பெக்டர் துரைசுவாமி அலற, ஸ்டோர் கீப்பர் யாக்கோபு டேப் ரிக்கார்டர் மேல் பாய்ந்தான். அந்த எஸ்டேட்டில் அதை இயக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

1957. உடும்பஞ்சோலை. ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியின் தகரக் கூரையில் பேய் மழை!

கட்டிலில் சின்னத்தாய். ஏலக்காய் ஸ்டோரில் யாரோ அவள் மண்டையைப் பிளந்திருந்தார்கள்; நாலு மூட்டையும் காணோம். கண் வரைக்கும் கட்டு.

அங்கே அவளை மடியில் போட்டு அழுத மகன் ராக்கப்பன்தான், சந்தேகத்தின் பேரில் இப்போது விலங்கோடு வாசலில்!

"ஆத்தா! யாருன்னு சொல்லிப்புடு ஆத்தா! என்னையத் தூக்குல போட்ருவாக!"

மைக்கில் முனகல்... மீட்டரில் முள் படுத்தே கிடந்தது.

"முள் எழும்பலையே?"

"சத்தம் போதாது, சாரே. பாதிக்கு மேலே ஏறணும். சிவப்பைத் தொட்டா மட்டும் குரல் கிழிஞ்சு போகும்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு குமிழைத் திருகினான்.

முள் துள்ளியது... சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது!

"ஓய், குறையும்!"

"மழைச் சத்தமாணு, சாரே..."

அவன் குறைப்பதற்குள் சின்னத்தாயின் உதடு நின்றது.

மூச்சும்!

டேப்பை ஓட்டினார்கள். கர்ர்ர்ர்...

மறுபடி. அதே கர்ர்ர்ர்!

"போச்சு! உம்ம காதுலயாவது விழுந்துதா?"

யாக்கோபு தலைகுனிந்தான். "'ராக்கப்பன் அடிச்சான்'னு... ரெண்டு தடவை, சாரே."

ராக்கப்பன் பதறி உள்ளே வந்தான்.

"பெத்தவளே பேர் சொல்லிட்டா. இனி என்னடா பேச்சு?"

"அது எங்க தாத்தா பேருங்கய்யா..."

"இருக்கட்டுமே?"

"மாமனார் பேரை ஆத்தா எப்படிங்கய்யா சொல்லும்? பொறந்ததுலேருந்து என்னைய 'பெரியவனே'ன்னுதான் கூப்பிடும். ஒருக்காக்கூட..."

துரைசுவாமி குமிழைப் பார்த்தார். குறைக்கவே இல்லை; முழுச் சத்தத்தில், கடைசிக் கோட்டில் நின்றது!

"வேணும்னே கிழிச்சிருக்கீர்! ஸ்டோர்ல மூட்டை கடத்தினப்போ அவ வந்துட்டா... இல்லையா?"

யாக்கோபு வாசலைப் பார்த்தான். அங்கே கான்ஸ்டபிள்! விலங்கு கை மாறியது.

ராக்கப்பன் இரைச்சல் மட்டுமே இருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப... ஆத்தா என்னதான் சொல்லுச்சு?"

யாக்கோபு விலங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"'பின்னாலேருந்து அடிச்சான்... மூஞ்சியைப் பாக்கலை'ன்னு."

துரைசுவாமி டேப்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அடப்பாவி! முள்ளை ஒழுங்கா நிறுத்தியிருந்தா, அவளே உம்மைக் காப்பாத்தியிருப்பாளே ஓய்!"