கையில் இரண்டு சுற்று

இழுக்க இழுக்கக் கயிறு கரையில் குறைந்துகொண்டே வந்தது. மேனகா அதை முதலில் செல்போன் திரையில்தான் கவனித்தாள். வலை இழுப்பவர்களுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சுருண்டு கிடந்த கயிறு, அவள் வீடியோ எடுக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குள் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. கடலிலிருந்து வலையை இழுத்தால் கரையில் கயிறு சேரவேண்டும். குறைய எப்படிக் குறையும்? வயல் வேலை பார்த்த நமக்குக் கடல் வேலையில் என்ன தெரியும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவர்களுடையது. லாஸ்பேட்டைக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகியும், மேனகாவின் கணவன் செம்மலுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கால் தரிக்காது. மீன்பிடித் துறைமுகத்தின் வரலாற்றைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலையிலேயே அவளையும் எட்டு வயது மகள் கனிஷ்காவையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். பழைய கிடங்கில் நங்கூரம், கட்டுமரம், இடிந்துபோன கடல்பாலத்தின் படங்கள் எல்லாம் வைத்திருந்தார்கள். எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்காமல் செம்மல் நகரமாட்டான். விளக்கம் சொல்ல நின்ற ஹரிகிருஷ்ணன் என்ற இளைஞன் மூன்று முறை, “சார், கை வைக்காதீங்க” என்று கெஞ்சவேண்டியிருந்தது. மேனகாவுக்கு மானம் போயிற்று.

“கரைவலைன்னா ஊரே சேந்து இழுப்பாங்க சார். வழியில போறவங்க கை வெச்சாலும் பங்கு உண்டு” என்றான் ஹரிகிருஷ்ணன். “கடற்கரையில கல்லு கொட்டுன பிறகு குருசுக்குப்பத்துல யாரும் இழுக்கறதில்ல.”

ஆனால் மத்தியானம் குருசுக்குப்பம் பக்கம் காற்று வாங்க வந்தபோது, கருங்கற்களுக்குக் கீழே ஒரு துண்டு மணலில் இருபது பேர் வரிசையாக நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கல்மேல் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“இழுக்கறதில்லன்னு சொன்னானே அந்தாளு” என்று சிரித்தபடி செம்மல் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். வரிசையின் நடுவில் இரண்டு பேருக்கு இடம் காலியாக இருந்தது. அவன் கயிற்றைப் பிடித்து, மிரண்ட காளையின் கயிற்றைப் பிடிக்கிற பழக்கத்தில், கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். “இப்படிச் சுத்திக்கணும் பாப்பா. இல்லன்னா உருவிக்கினு பூடும்” என்றான். கனிஷ்காவும் சுற்றிக்கொண்டாள்.

வெயில் மணலில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. செத்த நத்தையின் வீச்சமும் ஊறிய கயிற்றின் புளித்த வாடையும் சேர்ந்து மேனகாவின் தொண்டை வரை வந்து நின்றன, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டும் அது போகவில்லை. இத்தனை பேர் இழுக்கிறார்களே, ஒரு பாட்டு இல்லை, ஒரு அதட்டல் இல்லை, மூச்சு வாங்குகிற சத்தம்கூட இல்லை. கயிறு முறுகுகிற சத்தம் மட்டும் பல் நறநறப்பதுபோல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். எல்லோருடைய கால்களும் கடலை நோக்கி நகர்ந்தன.

செல்போனைத் தாழ்த்திவிட்டு நேராகப் பார்த்தாள். வரிசையில் ஒருவன் அலுவலகச் சட்டையும் ஷூவும் போட்டிருந்தான். ஒரு பெண் சுடிதாரில் இருந்தாள், தோள்பை தொங்கியது. அவர்களுக்கு முன்னால் ஒரு கிழவர், பிரெஞ்சுக்காரன் காலத்துச் சிப்பாய்த் தொப்பியோடு. அவர்களில் ஒருவர்கூட மீனவர் இல்லை. எல்லோருமே கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார்கள். கனிஷ்காவுக்கு முன்னால் நின்றவனின் கையில், வேலிக்கம்பியை மரம் விழுங்கியதுபோல, கயிற்றின்மேல் தோல் வளர்ந்து மூடியிருந்தது.

“இன்னாங்க, உட்டுட்டு வாங்க” என்றாள்.

“கை வர மாட்டேங்குது மேனகா” என்றான் செம்மல். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது.

கயிறு ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. செம்மலின் மணிக்கட்டில் தோல் சுருண்டுகொண்டு போனது. இரத்தம் கயிற்றில் இறங்கியது. கனிஷ்கா வீறிட்டாள். மேனகா ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து, விரலை மடக்கி, பற்களைக் கடித்துக்கொண்டு உருவினாள். தோல் உரிந்தது. எலும்பு நொறுங்கியதுபோல் இருந்தது. சின்னக் கை. வந்துவிட்டது.

“கல்லு மேல ஏறு. திரும்பிப் பாக்காத. ஓடு.”

செம்மலின் கை வரவில்லை. கயிறு சதைக்குள் போய்விட்டது. முன்னால் நின்ற சிலரை ஏற்கெனவே காணவில்லை. சிப்பாய்த் தொப்பிக் கிழவர் தண்ணீருக்குள் கழுத்தளவு போய்விட்டார். அப்போதும் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையும் போயிற்று. அவருக்கு அடுத்தவள் அந்த இடத்துக்கு வந்தாள். செம்மலுக்கு முன்னால் இன்னும் நாலு பேர்.

மேனகா கல்லைப் பார்த்துக் கத்தினாள். வலை தைத்துக்கொண்டிருந்த மீனவர் எழுந்து நின்றார், ஆனால் கீழே இறங்கவில்லை. வரிசையின் பக்கம் அவர் கண் போகவே இல்லை.

“கையில சுத்துனாரா?”

“ஆமாண்ணே. வாங்கண்ணே.”

“நாங்க யாரும் சுத்த மாட்டோம்மா” என்றார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அவள் காலடியில் வீசினார். “கயித்துல போட்டுப் பாக்காத. அறுபடாது. நேரம்தான் போவும்.”

அவள் கயிற்றில்தான் போட்டாள். ஒரு நார்கூடப் பிரியவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. முன்னால் இருவர்.

“வேணாம் மேனகா” என்றான் செம்மல். கயிறு இன்னொரு முறை இழுத்தது. தோள்மூட்டு கழன்ற சத்தம் அவளுக்குக் கேட்டது. “வெட்டு” என்றான். “வெட்டுடி.”

பத்து வருஷமாகத் தன் தலைக்கடியில் வைத்துத் தூங்கிய கை. அவள் கண்ணை மூடவில்லை. முதல் வெட்டு எலும்பில் நின்றது. அவன் கத்தினான். இரண்டாவது. சூடாக முகத்தில் அடித்தது, வாயில் உப்புக் கரித்தது. மூன்றாவது. நாலாவது. செம்மல் மல்லாந்து அலையில் விழுந்தான். அவள் அவனை அக்குளில் பிடித்து மணலுக்கு இழுத்தாள். சேலைத் தலைப்பைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். பல்லால் முடிச்சுப் போட்டாள். உயிர் இருந்தது. மூச்சு இருந்தது. போதும். இது போதும். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“பாப்பா எங்க?” என்றான் செம்மல்.

கல்மேல் கனிஷ்காவைக் காணோம். மீனவர் மட்டும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றார்.

“அம்மா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பயந்த குரல் இல்லை. உதவி செய்கிறபோது வருகிற குரல். “அப்பா கை இங்கயே இருக்கும்மா. நான் எடுத்துக்கினு வந்துடறேன்.”

கனிஷ்கா இடுப்பளவு தண்ணீரில், வரிசையில் காலியான இடத்தில் நின்றிருந்தாள். கயிற்றில் செம்மலின் வெட்டுண்ட கை சும்மா தொங்கவில்லை. இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். இரத்தம் வடிகிற தன் சின்னக் கையால்.

மேனகா கத்தியோடு ஓடினாள். அலை அவளை முட்டித் தள்ளியது. எழுந்தாள். மறுபடி ஓடினாள்.

செம்மலின் விரல்கள் தாமாகவே பிரிந்தன. கனிஷ்கா திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சாலையைக் கடக்கும்போது பிடிப்பதுபோல, அந்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன. வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.