குளவிகள் குறையவில்லை

தட்டுகளில் நோய் விழுந்து, இருந்த புழுவெல்லாம் கறுத்து அழுகி, தங்கையே தன் கையால் வாரிக் கொளுத்தி நாளாகிவிட்டது. கூண்டில் குளவிகள் மட்டும் குறையவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்த வளர்ப்பறைதான் அக்காவுக்கு உயிர். எங்கிருந்தோ கப்பலேறி வந்து மக்காச்சோள வயல்களை மொட்டையடித்த படைப்புழுவை விஷம் தெளிக்காமல் ஒழிக்க, கொசுவைவிடச் சிறிய இந்தக் குளவிகளை அவள் வளர்த்து வயல்களில் விட்டாள். குளவி புழுவுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, பக்கத்திலேயே வெள்ளைக் கூடு கட்டும். அப்போதும் புழு சாகாது. தீனியை மறந்து அந்தக் கூடுகளுக்கே காவல் நிற்கும். அக்காவும் தங்கையும் தூரிகையால் முதுகைத் தொட்டுப் பார்ப்பார்கள்: சுருண்டுகொண்டால் நல்ல புழு, தலையை இப்படியும் அப்படியும் வீசினால் உள்ளே ஆள் இருக்கிறது.

புழு இல்லாமல் புதுக் குளவி பிறக்க வழியே கிடையாது.

"அக்கா, இதுங்க எதுலேர்ந்து வருது?"

"பழைய கூடு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நீ போய்ப் படு குட்டி."

புழுக்களைக் கொளுத்திய மறுநாளே அக்கா தங்கையின் படுக்கையை வளர்ப்பறையை ஒட்டிய சின்ன அறைக்கு மாற்றியிருந்தாள், அங்கே காற்று நன்றாக வரும் என்று. அதிலிருந்து முதுகில் அரிப்பு. மாலையானால் அக்கா களிம்பு தடவிவிடுவாள். "வேர்க்குருதான், சொறியாதே." அம்மா போனபின் தலைவாரிவிட்ட கை அது, அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இன்று மாலை, மக்கிய இலை வாசனை வீசும் படுக்கையில் சாய்ந்தபோது, காதுக்குக் கீழே யாரோ நகத்தால் காகிதத்தைச் சுரண்டுவது போன்ற மெல்லிய சத்தம் விடாமல் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் திட்டித் தீர்க்கிற அக்கா, சில நாளாய்ச் சாப்பிட்டாயா என்றே கேட்கவில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று அவளுக்கும் நினைவில்லை.

தலையணையைத் தூக்கினாள்.

வெள்ளைக் கூடுகள். அரிசி போல. வரிசையாக.

நசுக்கச் செருப்பை எடுத்தாள். கை இறங்கவில்லை. போர்வையை இழுத்து அவற்றை மூடத் தோன்றியது. அதுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது.

வாசலில் அக்கா. கையில் தூரிகை.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"விதைக்கிற வரைக்கும் இதுங்களைக் காப்பாத்தியாகணுமே குட்டி. செத்துட்டா ஊர் விளைச்சலே போயிடும்." அக்காவின் குரல் எப்போதும்போல் இதமாக இருந்தது. "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"என்னைக் கேட்கவே இல்லையே."

களிம்பு தடவிய ஒவ்வொரு மாலையும் அக்கா இவள் முதுகிலிருந்த துளைகளைப் பார்த்திருக்கிறாள். தடவிக்கொண்டே பார்த்திருக்கிறாள். முதுகைவிட நெஞ்சு எரிந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. ஓட வேண்டும். கால் நகரவில்லை. உடம்பு தானாகத் தலையணைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

தூரிகை பிடரியில் பட்டது.

சுருண்டுவிடு. சுருண்டுவிடு.

தலை இடப்பக்கம் வீசியது. பிறகு வலப்பக்கம்.

அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டு, விளக்கை அணைக்காமல், கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். கூடுகளின் மேல் குனிந்தபடி அவள் நின்றாள். தலை வீசிக்கொண்டே இருந்தது.