மூடாமல் விட்ட டிஸ்க்

"இதுவும் ஓடல!"

மேசைமேல் ஒரு டிஸ்க் உறை வந்து விழுந்தது. கூடவே நாலு சொட்டு மழைத் தண்ணீரும்.

அவள் நிமிர்ந்தாள். வாசல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடி ஓர் உருவம்... நனைந்த சட்டை, மடங்க மறுக்கும் குடை. முகம் வழக்கம்போல மங்கல்தான். ஆனால் அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். போன தடவையும் இதே குரல்தான் வந்து "ஓடல" என்று நின்றது.

அடுத்த தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவனுடைய அக்காவின் கல்யாணத்தைப் படம் பிடித்தது அவள் அண்ணனின் இந்த ஸ்டூடியோதான். அந்தப் படத்தை ஒரு டிஸ்க்கில் ஏற்றித் தரவேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த 'அவ்வளவு'தான் அவள் உயிரை வாங்கியது.

டிஸ்க்கைப் பிடுங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டாள். திரையில் மணப்பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"பாருங்க, ஜம்முன்னு ஓடுது!"

"உங்ககிட்ட ஓடுதுங்க. எங்க வீட்டு பிளேயர்ல போட்டா 'டிஸ்க் இல்லை'ங்குது. இப்பத்தான் உள்ள வச்சேன், இல்லவே இல்லைன்னு சாதிக்குது!"

"அப்போ பிளேயருக்குத்தான் கோளாறு."

"மத்த டிஸ்க் எல்லாம் ஓடுதே?"

"அப்போ அதையே பாத்துக்கிட்டு இருங்களேன்!"

உள்ளறையிலிருந்து அண்ணனின் தொண்டை கனைத்தது. "பாப்பா... அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லண்ணா!"

காலையில்தான் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். "இன்னும் ஒரு டிஸ்க் திரும்பி வரட்டும்... நீ கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது. வாசல்ல உக்காந்து வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லு, போதும்."

வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, அழுகிற இடத்தையும் சிரிக்கிற இடத்தையும் கோத்துக் கொடுக்கிற அந்த நாற்காலியை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது.

கைகட்டி நின்ற அவன் முன்னாலேயே புது டிஸ்க்கைப் போட்டாள். பச்சைப் பட்டை மெல்ல ஊர்ந்து முக்கால்வாசி போனது... சடக்! தட்டு வெளியே வந்து நாக்கை நீட்டியது. இன்னொன்று போட்டாள். மறுபடியும் நாக்கு. ஆத்திரத்தில் மௌஸை ஓங்கித் தட்டினாள்.

"அடிச்சா எழுதிடுமா?"

"நீங்க சும்மா இருந்தா எழுதும்!"

அவன் சும்மா இருக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவள் தோளுக்குப் பின்னால் குனிந்தான். மழை வாசனை வந்தது.

"வேகம் உச்சத்துல நிக்குதுங்க. கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாமே. அப்புறம்... கீழ ஒரு சின்னக் கட்டம். 'முடித்து மூடு'ன்னு போட்டிருக்கு. அதுல டிக் இல்லையே?"

அவளுக்குச் சில்லென்றது.

மூடாமல் விட்ட டிஸ்க், எழுதிய கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். இது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் திரையில் எழுத்துகள் அவளுக்கு எறும்பு வரிசை. எந்தப் பொத்தான் எந்த மூலையில் என்று மனப்பாடமாகவே இத்தனை காலம் ஓட்டியிருந்தாள். போன வாரம் அண்ணன் புது புரோகிராமை ஏற்றினான்... மூலைகள் எல்லாம் இடம் மாறிப்போயின.

"நீங்க எழுத்தப் படிக்கல. இடத்தப் பாத்து அமுக்குறீங்க," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "கண்ண வேற இடுக்குறீங்க... ஒருதடவை கடைக்கு வாங்களேன்."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு! வியாபாரத்துக்கு ஆள் பிடிக்க வேற இடம் பாருங்க!"

அவன் தள்ளி நின்றான். அவள் வேகத்தைக் குறைத்து, கட்டத்தில் டிக் போட்டு, டிஸ்க்கை உள்ளே தள்ளினாள். அது ஆமை வேகத்தில் சுழன்றது.

"அக்கா கல்யாணத்தப்போ எங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை," என்றான் திடீரென்று. "சொந்தப் பொண்ணு கல்யாணம்... புகை மாதிரிதான் தெரிஞ்சுதாம். இப்பத்தான் ஆபரேஷன் ஆச்சு. கட்டுப் பிரிச்சதும் மொதல்ல கேட்டது இந்தப் படத்தைத்தான். அக்கா வேற கடல் தாண்டிப் போயிட்டா..."

புகை மாதிரி. அது எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

இந்தமுறை தட்டு ஒழுங்காக வெளியே வந்தது. அவள் கை நீட்டுவதற்குள் அவன் டிஸ்க்கை எடுத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை உருவினான். வட்டம் வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"ஐயோ! நிறுத்துங்க!"

அவன் கை அப்படியே நின்றது.

"சுத்திச் சுத்தித் துடைச்சா கோடு விழும்! நடுவுல இருந்து நேரா வெளிய இழுக்கணும்!"

"லென்ஸை இப்படித்தானே..."

"இது லென்ஸ் இல்ல சார்!" வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். மெல்லிய வளையக் கோடுகள். "பழைய ரெண்டையும் இப்படித்தான் துடைச்சீங்களா?"

"ஓடலையேன்னு... நடுநடுவுல," என்றான். குடத்தைப் போட்டு உடைத்த பிள்ளை மாதிரி அந்தக் குரல்.

எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்... அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. மங்கலாக ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் தெரிந்தது. அவளுக்குத் தன் கண்மேலேயே எரிச்சல் வந்தது.

இன்னொரு டிஸ்க் எழுதி, "தொடாதீங்க!" என்று அவளே உறையில் போட்டுக் கொடுத்தாள். அவன் போய்விட்டான்.

அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. டிஸ்க் ஓடாவிட்டால் நாற்காலி போகும். ஓடிவிட்டால்... அவன் எதற்கு வரப்போகிறான்? வாசலில் குடை தெரிந்தால் டிஸ்க் திரும்பி வந்துவிட்டதோ என்று பயந்தாள். அது வேறு யாருடைய குடையோ என்று தெரிந்தால் மனசு வாடியது. என்ன பிழைப்பு இது!

ஒரு மத்தியானம், மழையோடு மழையாக அவளே அவன் கடைப் படி ஏறினாள்.

"டிஸ்க் ஓடுதான்னு கேக்கத்தான் வந்தேன்."

"ஓடுது. அம்மா பாத்துப் பாத்து அழுவுறாங்க."

"அத வந்து சொன்னா என்ன?"

"ஓடாத டிஸ்க்கோட சண்டைக்கு வரலாம். ஓடுற டிஸ்க்கோட என்னன்னு வர்றது?" அவன் தலையைச் சொறிந்தான். "உங்க வாசல் வரைக்கும் வந்தேன்... உங்க அண்ணன் குரல் கேட்டுச்சு. திரும்பிட்டேன்."

அவள் நேரே போய்க் கண் பரிசோதிக்கும் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தாள். "கண்ணைப் பாருங்க," என்றாள்.

மூக்கின்மேல் கனமான வட்டச் சட்டம் ஏறியது. ஆந்தை மாதிரி இருப்போம் என்று தெரிந்தது. அவன் ஒவ்வொரு லென்ஸாகச் செருகினான். "இது தெளிவா... இல்ல, இதுவா?" எதிர்ச் சுவரில் எறும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று எழுத்துகளாயின.

மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

புருவத்தை வெட்டும் ஒரு சின்னத் தழும்பு. அடர்ந்த இமைகள். அதற்குள்ளே... அட, இந்தக் கண்களா இத்தனை நாளும் எதிரில் நின்றன!

"என்ன தெரியுது?"

"பயந்துபோன ஒரு ஆளு."

அவன் சிரித்தான். இம்முறை அவள் முழுசாகப் பார்த்தாள்.

"இதே நம்பர்ல செஞ்சிடட்டுமா?"

அவள் சட்டத்தைக் கழற்றினாள். உலகம் மறுபடி புகையாயிற்று. "வேண்டாம். எங்கம்மா விடமாட்டாங்க. கண்ணாடி போட்ட பொண்ணுன்னா மாப்பிள்ளை வாசலோட போயிடுவானாம். கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் கண்ணாடியாம்."

அவன் ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். வட்டம்... வட்டம்...

"அப்போ... உங்களுக்குச் சம்மதம்னா... மொதல்ல கல்யாணத்த முடிச்சிடலாமே. என்கூட."

மழை கூரையைப் பிளந்தது.

"அந்த டிஸ்க் ஓடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், தெரியுமா?" என்றாள் மெதுவாக. "என் நாற்காலியே போனாலும் போகட்டும்னு..."

கை நீட்டி அவனிடமிருந்து லென்ஸை வாங்கினாள்.

"கண்ணாடிய இப்பவே செய்யுங்க. அப்புறம் உங்கம்மாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் அதப் போட்டுக்கிட்டுத்தான் கதவத் தொறப்பேன். மாப்பிள்ளை வாசலோட போறாரா, உள்ள வர்றாரான்னு... எங்கம்மாவும் பாக்கட்டும்!"